பிரெஞ்சுக் கிராமத்தில் தினசரி நடை: பார்க்கப் பழகுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிரான்ஸின் கிராமப்புறம் என்றதும் லாவெண்டர் வயல், திராட்சைத் தோட்டம், கோட்டை என்று பட்டியல் போடுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை ஒத்துவராது. பிரெஞ்சுக்காரர்களே "அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்கும் ஒரு மூலையில் தங்கி, தினமும் ஒரே வழியில் நடந்து, வேலியோரத்திலும் ஓடைக்கரையிலும் நடப்பதைக் கவனிக்க விரும்புகிறவர்களுக்கானது இது. நான் எடுத்துக்கொண்டிருக்கும் மூலை நடு பிரான்ஸில், பழைய லிமூசன் பகுதியைச் சேர்ந்த க்ரூஸ் மாவட்டம். கருங்கல் வீடுகள், செம்பழுப்பு லிமூசன் மாடுகள், செஸ்ட்நட் காடுகள், ஏராளமான குளங்கள். மாவட்டம் முழுவதற்கும் ஏறக்குறைய 1,15,000 பேர்தான் இருக்கிறார்கள். வேறு பகுதிக்குப் போனாலும் முறை இதேதான், பறவையும் செடியும் கொஞ்சம் மாறும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினம் ஒரு புதுப் பாதை என்று போனால் ஒன்றும் பிடிபடாது. நேற்று இல்லாதது இன்று வந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், நேற்றும் அங்கேயே நடந்திருக்க வேண்டும்.

1. ஊரைத் தேர்ந்தெடுப்பது

பாரிஸில் இருப்பவர்களுக்கு ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து லிமோஜ் போகும் ரயில் வசதி. அது நிற்கும் லா சூத்தெரேன் நிலையம் க்ரூஸில்தான் இருக்கிறது, பயணம் மூன்று மணி நேரத்துக்குள். அதற்கப்புறம் கார் இல்லாமல் கஷ்டம். கிராமங்களுக்குப் பேருந்து இருந்தாலும், நாளுக்கு ஓரிரண்டு என்றால் அதிர்ஷ்டம். 'ஜீத்' எனப்படும் வாடகை வீடுகள் வாரக் கணக்கில் கிடைக்கும்.

வீட்டின் படங்களைப் பார்ப்பதற்கு முன் ஊரை செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள். சின்னச் சின்னப் புல்வெளிகள், அவற்றைச் சுற்றிக் கரும்பச்சைக் கோடுகள் தெரிந்தால் அது 'பொக்காஜ்': உயிர்வேலிகளால் பிரிக்கப்பட்ட நிலம். நமக்கு வேண்டியது அதுதான். பெரிய பெரிய செவ்வகங்களாக இருந்தால் தானிய வயல்கள். சீப்பு போட்டு வாரியதுபோல் ஒரே நிறத்தில் இருந்தால் டக்ளஸ் ஊசியிலை மரத் தோட்டம். 1999 டிசம்பர் கடைசியில் வந்த பெரும் புயல்கள் லிமூசன் காடுகளைச் சாய்த்துப் போட்டன. அதற்கு முன்பும் பின்பும் டக்ளஸ் மரங்களை இங்கே நிறைய நட்டிருக்கிறார்கள். அதற்குள் நடப்பது எனக்கு அலுப்புத் தரும் வேலை. மர ஆர்வலர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

உயிர்வேலிகள் இன்னும் மிச்சமிருக்கும் ஊர் கிடைப்பதே ஒரு கொடுப்பினை. நிலங்களை ஒன்றுசேர்த்துப் பெரிதாக்கும் 'ரமாம்ப்ரமான்' திட்டங்களாலும் பெரிய இயந்திரங்களாலும் 1950-லிருந்து நாட்டின் வேலிகளில் ஏறக்குறைய 70 சதவீதம் போய்விட்டது. க்ரூஸில் மாடு வளர்ப்பு நிலைத்ததால் நிறையவே தப்பித்திருக்கின்றன. மேயும் மாட்டுக்கு நிழலும் வேண்டும், தடுப்பும் வேண்டும் அல்லவா?

2. வரைபடமும் சுற்றுப்பாதையும்

ஐஜிஎன் என்ற தேசியப் புவியியல் நிறுவனத்தின் 1:25,000 வரைபடம்தான் இங்கே அடிப்படை. அதில் 1 செ.மீ. என்பது தரையில் 250 மீட்டர். காகிதத்திலும் வாங்கலாம், கைப்பேசியிலும் பார்க்கலாம். காட்டுக்குள் சிக்னல் போய்விடும் என்பதால் வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

நான்கைந்து கிலோமீட்டர் சுற்று போதும். சும்மா நடந்தால் ஒரு மணி நேரம், பார்த்துக்கொண்டு நடந்தால் இரண்டு. அந்தச் சுற்றில் நான்கு விஷயங்கள் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்: தேவாலயச் சதுக்கம், பழைய வேலியோரப் பாதை ஒன்று, தண்ணீர், காட்டின் ஓரம். காட்டின் நடுவை விட ஓரத்துக்குத்தான் முதலிடம். வெயிலும் நிழலும், புல்லும் மரமும் சந்திக்கும் இடத்தில்தான் பறவையும் பூச்சியும் கூடும்.

'ஷெமன் ரூரல்' எனப்படும் கிராமப் பாதைகள் 'கொம்யூன்' என்ற ஊராட்சிக்குச் சொந்தமானவை, எல்லோரும் நடக்கலாம். எது அப்படிப்பட்ட பாதை, எது ஒருவரின் சொந்த வழி என்று சந்தேகம் வந்தால், அரசின் 'கதாஸ்த்ர்' இணையதளத்தில் நிலவரைபடத்தை இலவசமாகப் பார்க்கலாம். 'மெரி'க்குப் போய்க் கேட்பது இன்னும் சுலபம். அது ஊராட்சி அலுவலகம். சின்ன ஊர்களில் வாரத்தில் சில அரை நாட்கள்தான் திறந்திருக்கும், கதவில் நேரம் ஒட்டியிருப்பார்கள்.

வழியில் மரத்திலும் கல்லிலும் வண்ணக் குறிகள் இருக்கும். மஞ்சள் கோடு என்றால் உள்ளூர்ச் சுற்றுப்பாதை. வெள்ளையும் சிவப்பும் என்றால் நாடு முழுக்க ஓடும் 'ஜெஎர்' நெடும்பாதை. மஞ்சளும் சிவப்பும் வட்டாரப் பாதை. பெருக்கல் குறி போட்டிருந்தால் தப்பான பக்கம் திரும்பிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

3. எடுத்துக்கொண்டு போக வேண்டியவை

ரப்பர் பூட்ஸ். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வேறு எந்தச் செருப்பும் இங்கே எடுபடாது. 8 மடங்கு பெருக்கும் பைனாகுலர் ஒன்று, சட்டைப்பையில் அடங்கும் நோட்டு, பென்சில் (மழையில் பேனா எழுதாது). ஆரஞ்சு நிற மேலங்கி, அது எதற்கு என்று கீழே சொல்கிறேன். செடிக்கு 'ப்ளான்ட்நெட்' செயலி, பறவைக் குரலுக்கு 'மெர்லின்'. இரண்டும் நல்ல உதவியாளர்கள்தான், ஆனால் அவை சொல்வதை அப்படியே எழுதிவிடாமல் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள்.

4. ஊராரோடு

எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் 'பொன்ஜூர்' சொல்ல வேண்டும். பாரிஸ் மெட்ரோவில் பழகிய முகத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. டிராக்டரில் போகிறவருக்குக் கையைத் தூக்கினால் போதும். தோலின் நிறத்தைப் பார்த்துச் சிலர் ஒரு கணம் கூடுதலாக உற்றுப் பார்ப்பார்கள், பெரும்பாலும் அது ஆர்வம்தான். முதலில் நீங்கள் வாயைத் திறந்துவிட்டால் பேச்சு தானாக வானிலைக்குப் போய்விடும். ஒரு வாரம் அதே பாதையில் நடந்தால், "நேற்று ஏன் காணோம்?" என்று கேட்கும் ஒருவராவது கிடைப்பார். ஆந்தை எந்தக் கொட்டகையில் கூடு கட்டியிருக்கிறது என்பது எந்தச் செயலிக்கும் தெரியாது, அவருக்குத் தெரியும்.

படல் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விடுங்கள். பாதைக்குக் குறுக்கே மெல்லிய கம்பியோ வெள்ளை நாடாவோ போனால் அது மின்வேலி. ஓரத்தில் பிளாஸ்டிக் பிடி இருக்கும். அதைப் பிடித்துக் கழற்றி, கடந்து, மறுபடி மாட்டிவிட வேண்டும். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள். லிமூசன் பசு சாதுவாகத் தெரியும், கன்று விஷயத்தில் அப்படி இல்லை.

'ப்ரோப்ரியெத்தே ப்ரிவே' என்று பலகை இருந்தால் தனியார் நிலம், அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. 2023 பிப்ரவரி 2-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு, தெளிவாக அறிவிப்பு வைத்த கிராமப்புறத் தனியார் நிலத்தில் நுழைவது அபராதத்துக்குரிய குற்றம்.

5. நடக்கும் விதம்

சதுக்கத்திலேயே தொடங்குங்கள். பல ஊர்களில் காலை 7, நண்பகல் 12, மாலை 7 மணிக்குத் தேவாலய மணி நீளமாக அடிக்கும். எதிரே போர் நினைவுத்தூண் இருக்கும், முதல் உலகப் போரில் செத்த ஊர்க்காரர்களின் பெயர்களோடு. இருபது வீடு உள்ள இடத்தில் இத்தனை பெயரா என்று திகைப்பீர்கள். அந்தத் திகைப்பு, பாதையில் பார்க்கப்போகும் ஒன்றைப் புரிந்துகொள்ள உதவும்.

காட்டுக்குள் போகும்போது, பாசி படர்ந்த கல்சுவர் ஒன்று மரங்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கும். காட்டுக்குள் யார் சுவர் கட்டினார்கள்? யாரும் கட்டவில்லை. அது வயலின் வரப்பு. 1851-ல் இந்த மாவட்டத்தில் ஏறக்குறைய 2,87,000 பேர் இருந்தார்கள். க்ரூஸின் கொத்தனார்கள் ஆண்டுதோறும் வசந்தத்தில் பாரிஸுக்கும் லியோனுக்கும் கட்டட வேலைக்குப் போய்க் குளிர்காலத்தில் திரும்பினார்கள். பிறகு திரும்புவது குறைந்தது, குடும்பங்களும் கிளம்பின, போர் வேறு வந்தது. உழ ஆள் இல்லாத வயலில் முதலில் பெரணியும் 'ஜெனே' எனும் மஞ்சள் பூப் புதரும் வந்தன, பின்னால் பிர்ச், ஓக். சுவருக்கு இருபுறமும் உள்ள மரங்களின் பருமனை ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் முதலில் கைவிடப்பட்டது என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

ஊரின் எல்லையில் 'லவுவார்' இருக்கும். ஊர்ப் பெண்கள் ஒரு காலத்தில் துணி துவைத்த கல்தொட்டி. இப்போது நியூட் என்ற வால் உள்ள நீர்வாழ்வி அதில் குடியிருக்கலாம். நிழல் விழாமல் குனிந்து இரண்டு நிமிடம் அசையாமல் பாருங்கள்.

அதன் பிறகு வருவது 'ஷெமன் க்ரூ', இருபுறமும் மேடும் வேலியுமாகப் பள்ளத்தில் ஓடும் பழம்பாதை. வண்டிச் சக்கரமும் மழைநீரும் தலைமுறை தலைமுறையாக அரித்து உண்டானது. சுற்றிலேயே அதிக நேரம் இங்கேதான் போக வேண்டும். பத்தடிக்கு ஒருமுறை நில்லுங்கள். ஒரு மீட்டர் வேலியை மட்டும் எடுத்துக்கொண்டு கீழிருந்து மேலே பாருங்கள்: அடியில் இலைச்சருகு, அதற்கு மேல் ஐவிக்கொடி, அதற்கு மேல் முள்செடி, நடுவே ஹேசல், தலைக்கு மேல் ஓக். காலடியில் ஹேசல் கொட்டைகளின் ஓடுகள் கிடக்கும். ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சரிபாதியாகப் பிளந்திருந்தால் அணில். ஓரத்தில் வட்டமாக ஓட்டை போட்டிருந்தால் எலி. ஓடு மரப்பட்டையின் பிளவில் செருகி உடைக்கப்பட்டிருந்தால் 'சித்தெல்' என்ற சாம்பல்நீலச் சிறு பறவையின் வேலையாகவோ மரங்கொத்தியின் வேலையாகவோ இருக்கும். சாப்பிட்டவரைப் பார்க்காமலே பந்தியில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று தெரிந்துவிடுகிறது.

குளத்தை நெருங்கும்போது வேகத்தைக் குறையுங்கள், கரைமேட்டுக்கு மேல் தலை மட்டும் தெரியட்டும். அங்கே நமக்குப் பழகிய முகங்கள் இருக்கும். சாம்பல் நாரையும், நீல மின்னலாகப் பாயும் சிறு மீன்கொத்தியும் தமிழ்நாட்டு ஏரிகளில் இருக்கும் அதே இனங்கள்தான். கோடையில் புல்வெளியில் கொண்டலாத்தியும் வரும். பெரிய எலி மாதிரி நீந்துவது 'ரகொந்தன்', ரோமத்துக்காக 19-ஆம் நூற்றாண்டில் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டது. கரையைக் குடைந்துவிடுவதால் விவசாயிகளுக்கு ஆகாது. பெரிய நீர்ப்பறவைக் கூட்டம் வேண்டுமானால் ஒருநாள் ஒதுக்கி, லுஸ்ஸா ஊர்ப்பக்கம் இருக்கும் எத்தான் தெ லான்த் என்ற குளத்துக்குப் போகலாம். 2004 முதல் அது தேசிய இயற்கைக் காப்பகம்.

6. ஆண்டு முழுக்க எதைப் பார்ப்பது

ஜனவரியில் எல்லாம் செத்துக் கிடப்பதுபோல் தெரியும்போதே ஹேசல் பூத்துவிடும். தொங்கும் மஞ்சள் சரங்கள் ஆண்பூ, அதை எல்லோரும் பார்ப்பார்கள். பெண்பூவைத் தேட வேண்டும்: மொட்டின் நுனியில் சில மில்லிமீட்டர் நீளத்தில் சிவப்பு இழைகள். பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் நடு வரை பெருங்கொக்குகள் ஸ்பெயினிலிருந்தும் தென்மேற்குப் பிரான்ஸிலிருந்தும் வடகிழக்காகத் திரும்பும். வயல் கொக்கு இல்லை, சாரசக் கொக்கின் உறவு. அவற்றின் பறக்கும் பாதை லிமூசனுக்கு நேர் மேலே போகிறது. முதலில் காதில் விழும், அப்புறம்தான் வானத்தில் வளைந்த கோடாகத் தெரியும்.

மார்ச்சில் வேலி திடீரென்று வெள்ளையாகும். இலை வருவதற்கு முன்பே கருங்கிளையில் பூத்தால் 'ப்ரூனெலியே'. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் இலைகளுக்கு நடுவே பூத்தால் 'ஓபெபின்'. இரண்டும் முள்செடிகள், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் இல்லை. இலையைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். மார்ச் நடுவில் 'பூயோ வெலோஸ்' என்ற பச்சைச் சிட்டு இரண்டே சுரத்தைத் திரும்பத் திரும்பக் கத்தத் தொடங்கும். கூரை உச்சியில் 'ரூஜ்கூ நுவார்' வந்து உட்காரும். கறுத்த உடம்பு, செம்பழுப்பு வால், பாட்டின் நடுவில் சரளைக்கல்லை உரசினால் வரும் ஒரு கரகரப்பு.

ஏப்ரலில் வருகையாளர்களின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். தகைவிலான்கள் மாட்டுக்கொட்டகைக்குள் நுழையும் நாள், முதல் குக்கூக் குரல், நடுவாக்கில் நைட்டிங்கேல். குக்கூவும் நம் குயில் போலவே பிறர் கூட்டில் முட்டையிடும். உழவாரன் குருவிகள் ஏப்ரல் கடைசியில் வந்து, மாலையில் தேவாலயத்தைச் சுற்றிக் கூச்சல் போட்டு, ஜூலை முடிவதற்குள் கிளம்பிவிடும். மூன்று மாதம்தான் இருக்கும், தவறவிட வேண்டாம்.

மே 1-ல் மூகே என்ற வெள்ளை மணிப்பூவைக் கொத்தாகக் கொடுப்பது நாடு முழுவதும் வழக்கம். மே 11, 12, 13 'பனிப் புனிதர்கள்' நாட்கள். அது தாண்டாமல் பெரியவர்கள் தக்காளி நாற்றை வெளியில் நட மாட்டார்கள். உங்கள் நடையில் தோட்டங்களை எட்டிப் பார்த்தால் யார் பொறுமைசாலி என்று தெரியும்.

ஜூனில் பாதையோரம் 'டிஜிட்டால்' ஆளுயரத்துக்குச் செவ்வூதாப் பூக்களோடு நிற்கும். கருங்கல் நிலம், சுண்ணாம்பில்லாத அமில மண், அதனால்தான் இவ்வளவு. முழுச் செடியும் விஷம், பிள்ளைகள் தொட்டு விளையாட வேண்டாம். இந்த மாதத்தில் பொழுது சாய இரவு பத்து மணியை நெருங்கும். அதற்கப்புறம் வெளிச்சம் இல்லாத பாதையில் நடந்தால் புல்லில் பச்சை ஒளிப்புள்ளிகள் தெரியும். இறக்கையில்லாத பெண் மின்மினி, பறக்காமல் தரையில் காத்திருக்கும். டார்ச்சை அணைத்துவிடுங்கள்.

ஆகஸ்டில் பறவைகள் அமைதியாகிவிடும், நடைக்கு மந்தமான மாதம். ஹீதர் பூவும் தும்பிகளும்தான் ஆறுதல். உதவித்தொகை பெறும் விவசாயிகள் மார்ச் 16 முதல் ஆகஸ்ட் 15 வரை வேலியை வெட்டக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. 16-ஆம் தேதியிலிருந்து டிராக்டர் வெட்டும் சத்தம் எந்தப் பக்கமும் கேட்கும்.

செப்டம்பரில் தகைவிலான்கள் மின்கம்பியில் வரிசை கட்டும், ஐவி பூத்து வேலியெல்லாம் தேனீ இரையும். அக்டோபரில் பாதை முழுக்கச் செஸ்ட்நட் முள்ளுருண்டைகள். மழை பெய்த இரவில் பள்ளப்பாதையில் கறுப்பும் மஞ்சளுமாக சலமாந்தர் ஊர்ந்து வரும். அது வாழ ஈரக்காடும் சுத்தமான ஓடையும் வேண்டும், கையில் எடுக்காதீர்கள். அக்டோபர் நடுவிலிருந்து பெருங்கொக்குகள் தெற்கே திரும்பும். வடகிழக்குக் காற்றடித்து வானம் வெளுத்த மறுநாள் வெளியிலேயே இருங்கள். டிசம்பரில் இலையில்லாத வேலியில் கோடைக்கூடுகள் வெளியே தெரியும். இவ்வளவு பக்கத்திலா கட்டியிருந்தன என்று வெட்கமாக இருக்கும்.

7. கவனமாக இருக்க வேண்டியவை

வேட்டை: செப்டம்பர் முதல் பிப்ரவரி கடைசி வரை முக்கியப் பருவம். தேதியும் நாளும் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். ஞாயிற்றுக்கிழமைகளில் பன்றியும் மானும் தேடிக் கூட்டமாக இறங்குவார்கள். பாதை ஓரம் 'ஷாஸ் ஆன் கூர்' (வேட்டை நடக்கிறது) என்று பலகை வைத்திருந்தால் திரும்பிவிடுங்கள், வீரம் வேண்டாம். மேலே சொன்ன ஆரஞ்சு அங்கி இதற்குத்தான். எந்த நாளில் வேட்டை என்று மெரியில் கேட்டால் சொல்வார்கள்.

உண்ணி: லைம் நோய் பரப்பும் உண்ணிக்கு லிமூசன் பேர்போனது. கால்சட்டையைச் சாக்ஸுக்குள் செருகுங்கள். திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், பிள்ளைகளுக்குத் தலைமுடியோரம் எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் எண்ணெயோ சாராயமோ ஊற்றாமல், மருந்துக்கடையில் விற்கும் 'தீர்-தீக்' கொக்கியால் மெல்லச் சுழற்றி எடுங்கள். ஒரு மாதம் அந்த இடத்தைக் கவனியுங்கள். சிவப்பு வட்டம் பரவினால் உடனே டாக்டர்.

காளான்: 'செப்' என்ற காளானை எடுக்க ஊரே காட்டுக்குள் இருக்கும். ஆனால் காட்டின் காளான் காட்டுச் சொந்தக்காரருக்கு உரியது. அடையாளம் தெரியாததைச் சாப்பிட்டால் 'அமனித் ஃபலாயித்' என்ற விஷக்காளான் ஒன்றே உயிரை எடுத்துவிடும். பிரான்ஸில் மருந்தாளுநர்கள் காளான் படித்தவர்கள், பல கடைகளில் கூடையைக் காட்டிக் கேட்கலாம். என்னைக் கேட்டால், புதிதாக வந்தவர் பார்த்துவிட்டு நகர்வதே நல்லது.

8. எழுதி வைப்பது

அன்றே, வாசலில் பூட்ஸைக் கழற்றும் முன்பே எழுதுங்கள். தேதி, நேரம், காற்று, வானம், அப்புறம் பார்த்தது. "பறவைகள் நிறைய" என்று எழுதினால் அடுத்த வருடம் அது எதற்கும் உதவாது. "லவுவார் கூரையில் ரூஜ்கூ ஒன்று, வாயில் புழு, உள்ளே போனது" என்று எழுதினால் கூடு எங்கே என்று நோட்டே சொல்லிவிடும். பெயர் தெரியாவிட்டால் வர்ணனை போதும். காணாமல் போனதையும் எழுத வேண்டும்: போன வாரம் பாடியது இன்று பாடவில்லை என்பதும் தகவல்தான்.

நோட்டில் இருப்பதை அறிவியலுக்கும் கொடுக்கலாம். 1912-ல் தொடங்கிய பறவைப் பாதுகாப்புச் சங்கமான எல்பிஓவும் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் சேர்ந்து ஜனவரி கடைசி வார இறுதியிலும் மே கடைசி வார இறுதியிலும் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகின்றன. நிபுணராக இருக்க வேண்டியதில்லை. ஜீத்தின் தோட்டத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வோர் இனத்திலும் ஒரே சமயத்தில் அதிகபட்சம் எத்தனை கண்ணில் பட்டன என்று மட்டும் குறிக்க வேண்டும். வந்து வந்து போகும் ஒரே குருவியை ஐந்தாக எண்ணிவிடாமல் இருக்கத்தான் இந்த விதி. மேலே பறந்து போனதைச் சேர்க்காதீர்கள், தோட்டத்தில் இறங்கியதுதான் கணக்கு.